வளர்ச்சி தாமதமான குழந்தைக்கு மூளை ஸ்கேன்: அரசுத் திட்டத்தில் எங்கே தொடங்குவது?

பதினெட்டு மாதமாகியும் குழந்தை நடக்கவில்லை. "இவன் அப்பாவும் தாமதமாகத்தான் நடந்தான்" என்கிறார் பாட்டி. "தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பாட்டி பேச்சைக் கேட்டால் ஒரு வருடம் போய்விடுகிறது. மற்றவர் பேச்சைக் கேட்டால் வளையல் அடகுக்குப் போகிறது. இரண்டுமே வேண்டாம். முதலில் போக வேண்டிய இடம் வேறு.

மத்திய அரசு 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம், சுருக்கமாக ஆர்.பி.எஸ்.கே., பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கானது. பிறவிக் குறை, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றை முன்கூட்டியே கண்டுபிடித்து இலவசமாகச் சிகிச்சை தருவதே இதன் வேலை. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். சந்தேகம் உள்ள குழந்தையை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். குழு வரும்வரை காத்திருக்காதீர்கள். இந்த மையம் பெரும்பாலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இருக்கும். அங்கே போய்க் கேட்டாலே வழி காட்டுவார்கள்.

மையத்தில் குழந்தை மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர் எனப் பலர் குழந்தையைப் பார்ப்பார்கள். தலைச் சுற்றளவை அளப்பார்கள். காது கேட்கிறதா, கண் தெரிகிறதா என்று சோதிப்பார்கள். காது கேளாத குழந்தைக்குப் பேச்சு வராததை மூளை ஸ்கேனில் தேடுவது வீண் அலைச்சல். தைராய்டு குறைபாடும் வளர்ச்சியைத் தடுக்கும். அதை ஒரு ரத்தப் பரிசோதனையே சொல்லிவிடும்.

ஸ்கேன் யாருக்குத் தேவை? வலிப்பு வருகிறது, தலை மிகச் சிறியதாகவோ பெரியதாகவோ இருக்கிறது, ஒரு பக்கக் கை கால் விறைத்திருக்கிறது, கற்றதை மறந்து பின்னோக்கிப் போகிறது, பிறந்தபோது மூச்சுத்திணறலோ கடும் மஞ்சள் காமாலையோ இருந்தது: இவர்களுக்குக் காந்தத்தின் உதவியால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் நிறையச் சொல்லும். ஆட்டிசம் மட்டும் என்றால், அதை உறுதிசெய்ய ஸ்கேன் தேவையில்லை. குழந்தை பழகும் விதத்தைக் கவனித்தே முடிவு செய்கிறார்கள். சி.டி. ஸ்கேனில் கதிர்வீச்சு உண்டு, எம்.ஆர்.ஐ.யில் இல்லை. அதனால் அவசரம் இல்லாத இடத்தில் சி.டி. எழுதினால், ஏன் என்று கேட்பதில் தவறில்லை. உச்சிக்குழி மூடாத கைக்குழந்தைக்கு அதன் வழியாகவே அல்ட்ராசவுண்ட் எடுக்கலாம். மூளை நரம்புகளின் மேலுறை ஏறக்குறைய இரண்டு வயது வரை வேகமாக உருவாகிக்கொண்டிருப்பதால், மிகச் சிறு வயதில் எடுத்த எம்.ஆர்.ஐ.யைச் சில குழந்தைகளுக்குப் பிறகு மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அது முதல் ஸ்கேனில் நடந்த பிழை அல்ல.

எம்.ஆர்.ஐ. அரை மணி நேரம் வரையோ சற்றுக் கூடுதலாகவோ ஆகும். அவ்வளவு நேரமும் தலை அசையக் கூடாது. இயந்திரமோ ஓயாமல் சுத்தியால் தட்டுவதுபோலச் சத்தம் போடும். எனவே சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தூக்க மருந்து கொடுப்பார்கள். அதற்கு வெறும் வயிறு வேண்டும்: வழக்கமாகத் திட உணவு 6 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கொலுசு, காப்பு, வெள்ளி அரைஞாண், கழுத்துத் தாயத்து, சட்டையில் குத்திய ஊக்கு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தாயத்தைக் கழற்றத் தயங்கி வாசலில் நிற்கும் தாய்மார்கள் உண்டு. தாயத்தில் இரும்பு இருந்தால் காந்தம் அதை இழுத்துவிடும் என்று முந்தைய நாளே யாராவது அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அம்மா கூட உள்ளே வருவதானால் மெட்டிக்கும் இதே விதிதான்.

பணத்தைப் பற்றி. மையம் எழுதிக்கொடுத்த பரிந்துரைச் சீட்டையும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையையும் (ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு) எடுத்துச்செல்லுங்கள். கட்டணம் கட்டுவதற்கு முன்பே காப்பீட்டுப் பிரிவில் காட்டிக் கேளுங்கள். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா காப்பீடு தனியாக உண்டு. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, பரிசோதனைச் செலவும் பயிற்சிச் செலவும் அதில் வரும்.

அறிக்கை 'இயல்பு' என்று வந்தால் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று பொருளல்ல. தாமதம் உள்ள பல குழந்தைகளின் மூளைப் படம் இயல்பாகவே இருக்கும். காரணம் மரபணுவில் இருக்கலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் ஸ்கேன் நிபந்தனை இல்லை. அறிவுசார் குறைபாட்டை அறிவுத்திறன், அன்றாடச் செயல்திறன் சோதனைகளை வைத்தே மதிப்பிடுகிறார்கள். ஃபிலிமோடு, படம் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்கி, தாய் சேய் நல அட்டையோடு சேர்த்து வையுங்கள்.

ஸ்கேனுக்குத் தேதி கிடைக்க ஒரு மாதம் ஆனாலும் பயிற்சியை நாளையே தொடங்கலாம். மையத்தில் அப்படித்தான் கேட்க வேண்டும்: "ஸ்கேன் வரும்போது வரட்டும், பயிற்சிக்கு எந்தக் கிழமை வரட்டும்?"