தோற்றால் நல்லது என்று சொல்லாதீர்கள்

இந்த டிசம்பரிலும் அதே ஃபோன். "அண்ணா, மிச்சம் இருக்கிற மூணு மேட்சும் நம்ம டீம் தோத்துட்டா போதும். டிராஃப்ட்ல முதல் ஆளை எடுத்துடலாம், பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை." அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர்களின் புள்ளிவிவரங்களை அலசுவது என் தொழில். இந்தப் பேச்சை எத்தனை பேரிடம்தான் கேட்பது?

என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கில், கல்லூரியிலிருந்து வரும் புது ஆட்டக்காரர்களை அணிகள் வருடா வருடம் வரிசையாக எடுப்பதுதான் டிராஃப்ட். போன சீசனில் கடைசி இடத்துக்குப் போன அணி முதலில் எடுக்கும், சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியை வென்ற அணி கடைசியில் எடுக்கும். இப்படி 7 ரவுண்ட்.

முதலில் எடுக்கப்பட்டவன்தான் சிறந்தவன் என்று நம்புகிறீர்களே, அங்கேதான் தப்பு. மொத்தமாகப் பார்த்தால் முன்னால் போகிறவர்கள் பின்னால் போகிறவர்களைவிட நன்றாகவே ஆடுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரே பொசிஷனில், அதாவது களத்தில் ஒரே வேலைக்கு, அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரை ஒப்பிட்டுப் பாருங்கள். கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அப்படிப் பார்த்தார்கள். முன்னவர் பின்னவரைவிட நன்றாக ஆடியது ஏறக்குறைய 52 சதவீத ஜோடிகளில்தான். காசைச் சுண்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2007-இல் முதல் ஆளாகப் போன ஜமார்கஸ் ரஸ்ஸலை ரெய்டர்ஸ் அணி மூன்றே சீசனில் அனுப்பிவிட்டது. 2000-இல் 199-ஆவதாகப் போன டாம் பிரேடி 7 சூப்பர் பவுல் வென்றார். 2022-இல் கடைசி ஆள், 262-ஆவது, பிராக் பர்டி. 2024 பிப்ரவரியில் சூப்பர் பவுலில் ஃபார்ட்டிநைனர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், அவர்தான்.

சரி, முதல் இடம் கிடைத்தால் மட்டும் அணி தேறிவிடுமா? கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் 2016-இல் ஒரே ஒரு மேட்ச் ஜெயித்தது, 2017-இல் அதுவும் இல்லை. அதனால் டிராஃப்டில் அடுத்தடுத்து இரண்டு வருடம் முதல் தேர்வு, அதாவது முதலில் ஆள் எடுக்கும் வாய்ப்பு. 2017-இல் எடுத்த மைல்ஸ் காரெட் அற்புதமான ஆட்டக்காரர். ஆனால் 2018-இல் எடுத்த குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டுக்கு முதல் மூன்று சீசனில் நான்கு தலைமைப் பயிற்சியாளர்கள்! இளம் குவார்ட்டர்பேக் எதைத்தான் கற்றுக்கொள்வான்? 2022-இல் அவரை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் டாம்பா பே அணியில் நன்றாக ஆடினார்.

டிராஃப்ட் வரிசையில் மேலே ஏறுவதற்காக வரும் வருடத் தேர்வுகளை வாரிக் கொடுப்பது இன்னும் மோசம். 2012-இல் வாஷிங்டன் 6-ஆம் இடத்திலிருந்து 2-ஆம் இடத்துக்கு வர மூன்று முதல் ரவுண்ட் தேர்வுகளையும் ஒரு இரண்டாம் ரவுண்ட் தேர்வையும் ராம்ஸ் அணிக்குக் கொடுத்து குவார்ட்டர்பேக் ராபர்ட் கிரிஃபினை எடுத்தது. முதல் வருடம் பிரமாதம், அதன் முடிவிலேயே முழங்கால் போனது. அதே டிராஃப்டில் 102-ஆவதாக எடுத்த கிர்க் கசின்ஸ்தான் பின்னால் அந்த அணியை நடத்தினார். 2014 டிசம்பரில் வாஷிங்டன் மைதானத்தில் டாஸ் போட ராம்ஸ் ஆறு கேப்டன்களை அனுப்பியது. ஆறு பேருமே அந்தப் பேரத்தில் கிடைத்தவர்கள். 24-0 என்று ராம்ஸ் ஜெயித்தது. ஆனால் தேர்வுகள் மட்டுமே போதாது: அந்த ஆறு பேரை வைத்தும் ராம்ஸுக்கு அந்த சீசனில் 10 தோல்வி.

இளம் ஆட்டக்காரர்களை மதிப்பிடும்போது அட்டவணையில் டிராஃப்ட் எண் இருக்கும் வரிசையை முதலில் மறைத்துவிடுவேன். அது கண்ணில் பட்டால் மார்க் போடுவதில் எனக்கே கை தாராளமாகிவிடும்.

நீங்களும் டிராஃப்ட் இரவில் மார்க் போடாதீர்கள். எத்தனையாவது இடம் என்று பார்க்காதீர்கள், மொத்தம் எத்தனை தேர்வுகள் கையில் இருக்கின்றன என்று எண்ணுங்கள். பயிற்சியாளர் வருடா வருடம் மாறினால் அதற்குக் கோபப்படுங்கள். ஐந்தாம் ரவுண்டில் வந்த பையனைத் தயவுசெய்து மட்டமாகப் பேசாதீர்கள். மூன்று சீசன் ஆடட்டும், அதுவரை பொறுங்கள். அந்த மூன்று மேட்சையும் ஜெயிக்க விடுங்கள், தம்பி.