பிள்ளையை ஹோமில் சேர்க்கும் முன்: மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுத் திட்டம்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்ததும், சொந்தக்காரர்கள் கூடிப் பேசுகிற முதல் பேச்சு பெரும்பாலும் பிள்ளைகளைப் பற்றியதாகத்தான் இருக்கும். "மூத்தவனை ஹோம்ல சேர்த்துடு தாயி. மூணு வேளை சோறு போட்டுப் படிக்கவும் வைப்பாங்க. சின்னதை நீ பாத்துக்க." சொல்கிறவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. நூறு நாள் வேலையையும் களையெடுப்பையும் நம்பியிருக்கிற பெண்ணுக்கு வேறு வழி இருப்பது அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

வழி இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015 தன் அடிப்படைக் கொள்கைகளிலேயே, குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 2009இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதலும், வறுமை ஒன்றையே காரணமாகக் காட்டிக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்றே சொல்கிறது. சரி, சட்டம் சொல்லிவிட்டது. சோற்றுக்கு என்ன செய்வது? அதற்குத்தான் அதே சட்டத்தின் 45ஆவது பிரிவு. குழந்தை வீட்டிலேயே வளர்வதற்காகக் குடும்பத்துக்குப் பண உதவி செய்யலாம் என்று அது வகை செய்கிறது. ஆங்கிலத்தில் ஸ்பான்சர்ஷிப் என்பதை நம் மாவட்ட அலுவலகங்களில் நிதி ஆதரவுத் திட்டம் என்பார்கள்.

ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ், 60 பங்கு ஒன்றிய அரசும் 40 பங்கு மாநில அரசும் போட்டு, ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் தரப்படுகிறது. முன்பு இது 2,000 ரூபாயாக இருந்தது. 18 வயது வரை பெறலாம், இடையிடையே மறுஆய்வு உண்டு.

யாருக்குக் கிடைக்கும்? தாய் கணவரை இழந்தவர், விவாகரத்து ஆனவர் அல்லது கைவிடப்பட்டவராக இருக்கலாம். பெற்றோர் இருவரையும் இழந்து தாத்தா பாட்டி, மாமன், சித்தி வீட்டில் வளரும் குழந்தையாக இருக்கலாம். பெற்றோருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் இருந்தாலும், விபத்தில் முடங்கிப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியாமல் போனாலும் கேட்கலாம். குழந்தைத் தொழிலிலிருந்தும் குழந்தைத் திருமணத்திலிருந்தும் மீட்கப்பட்டவர்கள், எச்.ஐ.வி. பாதிப்புள்ளவர்கள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் ஆகியோரையும் மிஷன் வாத்சல்யா சேர்த்துக்கொள்கிறது.

குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது. 72,000 என்றால் மாதம் 6,000. தினம் 300 ரூபாய் கூலிக்கு மாதத்தில் இருபது நாள் போகிறவர் அந்தக் கோட்டிலேயே நிற்பார். என்னைக் கேட்டால் இந்த வரம்பு மிகக் குறைவு. ஆனால் இன்றைக்கு விதி இதுதான், வருமானச் சான்று வாங்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் போக வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. பல மாவட்டங்களில் ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே இருக்கும். குழந்தை, தாய் அல்லது காப்பாளர் ஆதார் அட்டை, குடும்ப அட்டை, பிறப்புச் சான்று, பள்ளியில் வாங்கிய படிப்புச் சான்று, வருமானச் சான்று, இறந்தவரின் இறப்புச் சான்று, குழந்தையும் தாயும் சேர்ந்து வைத்திருக்கும் வங்கிக் கணக்குப் புத்தக நகல், புகைப்படம் ஆகியவற்றைக் கேட்பார்கள். பெரும்பாலும் சிக்கல் வருவது இறப்புச் சான்றில்தான். கணவர் செத்திருந்தால் தாள் உண்டு. ஓடிப்போயிருந்தால்? அதற்குக் கணவரால் கைவிடப்பட்ட பெண் என்று வருவாய்த் துறை தரும் சான்றிதழ் இருக்கிறது. வருமானச் சான்றைப் போலவே இதற்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிக்க வருவார்கள். அக்கம்பக்கத்தார் உள்ளதைச் சொன்னால் போதும்.

அப்புறம் அலகிலிருந்து வீட்டுக்கு ஆள் வந்து குடும்ப நிலையை விசாரித்து அறிக்கை எழுதுவார்கள். மாவட்டத்தில் பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகள் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவும், இதற்கென்றே இருக்கும் ஒப்புதல் குழுவும் பார்த்த பிறகு பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். ஒதுக்கிய நிதிக்குள்தான் தருவார்கள் என்பதால் தகுதியுள்ள எல்லாருக்கும் உடனே கிடைத்துவிடாது. அதனால் சீக்கிரம் கொடுங்கள், கொடுத்ததற்குக் கையோடு ஒப்புகை வாங்குங்கள்.

கிடைத்த பிறகும் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்குப் போக வேண்டும். முப்பது நாளுக்கு மேல் வருகை தடைபட்டால் உதவியை நிறுத்தி வைக்கலாம், சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. இன்னொன்று, பிள்ளையை விடுதியில் சேர்த்தால் பணம் நின்றுவிடும். வீட்டில் வளர்வதற்காகத் தரும் பணம் அல்லவா?

தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தையும் இதையும் பலர் ஒன்றென்று நினைக்கிறார்கள். அது தனி. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவர் மாற்றுத்திறனாளியாகவோ சிறையிலோ கடும் நோயிலோ இருக்கும் குழந்தைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய் தருவது அது. கணவரை இழந்து, உடம்பு திடமாக இருந்து, கூலிக்குப் போகும் தாயின் பிள்ளை அதில் வராது. நிதி ஆதரவில் வரும்.

இனி, இந்த விஷயத்தில் நான் முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். மேலே சொன்ன எதுவும் தானாக நடக்காது. பதினாறாம் நாள் பேச்சில் உட்காரும் ஆட்களில் ஒருவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஊராட்சித் தலைவர் தலைமை. அங்கன்வாடிப் பணியாளர், தலைமையாசிரியர், கிராம சுகாதார செவிலியர், மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் போன்றோர் உறுப்பினர்கள். பல ஊர்களில் இது கையெழுத்து நோட்டோடு நின்றுவிடுகிறது. ஆனால் அந்த உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள். ஒரு வீடு சரியப்போவதை முதலில் பார்க்கிறவர்கள் இவர்கள்தான். நாலு நாளாகப் பள்ளிக்கு வராத பையனை ஆசிரியர் பார்க்கிறார். எடை குறைந்த சின்னதை அங்கன்வாடி அக்கா பார்க்கிறார். குழுத் தவணை கட்ட முடியாத தாயைப் பக்கத்து வீட்டு உறுப்பினர் பார்க்கிறார். மூவரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தால், மாவட்ட அலகுக்கு ஒரு பெயர் போய்ச் சேரும்.

தாய் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்பதும் ஹோமுக்கு அனுப்ப ஒரு காரணம். அதை எந்த அரசுப் பணமும் தீர்க்காது. மாலை ஆறு மணிவரை ஒரு பாட்டி வீட்டுத் திண்ணை இருந்தால் தீர்ந்துவிடும். கிராமக் குழு இதையும் பேசலாம், செலவில்லாத வேலை. ஒன்றே ஒன்று, உதவி பெறும் குழந்தையின் படத்தை வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சட்டத்தின் 74ஆவது பிரிவு சொல்கிறது. "உங்கப்பா இல்லாததால காசு வருதாமே" என்று வகுப்பில் கேட்கப்படும் பிள்ளைக்கு அந்தப் படம் என்ன செய்யும் என்று யோசித்தாலே போதும்.

பிள்ளையை ஏற்கெனவே இல்லத்தில் சேர்த்தாயிற்றா? அப்போதும் கதவு மூடவில்லை. இல்லத்திலிருந்து குடும்பத்துக்குத் திரும்பும் குழந்தைக்கும் இதே நிதி ஆதரவு உண்டு. வீட்டுக்கு அழைத்துக்கொள்ள விரும்புவதாகக் குழந்தைகள் நலக் குழுவிடம் எழுதிக் கொடுங்கள். விசாரித்து, குழந்தையின் நலனையும் பார்த்து, அவர்கள் உத்தரவு போடுவார்கள். குழந்தையே வேண்டாம் என்று ஒப்படைப்பது வேறு சமாச்சாரம். அதையும் ஆலோசனைக்குப் பிறகு இந்தக் குழு முன்புதான் செய்ய முடியும், மனம் மாற இரண்டு மாத அவகாசமும் உண்டு. இடைத்தரகர் நீட்டும் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். "இலவசமா படிக்க வைக்கிறோம்" என்று வண்டியோடு வருகிறவரிடம், இல்லம் சட்டப்படி பதிவு பெற்றதா, பதிவுச் சான்று எங்கே என்று கேளுங்கள். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமோ உண்டு.

அலுவலகம் எங்கே என்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைக்கலாம். இரவானாலும் எடுப்பார்கள், காசு கிடையாது. குழந்தைதான் அழைக்க வேண்டும் என்பதில்லை. தாயும் அழைக்கலாம், ஆசிரியரும் அழைக்கலாம், பந்தல் பிரிக்க வந்தவரும் அழைக்கலாம்.