கல்லை விட வாக்கியம் கனம்: பன்மொழி வகுப்பில் ஓர் அறிவியல் பாடம்

இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் வந்தது. அதன் விளைவைச் சென்னை சர்வதேசப் பள்ளிகளின் வருகைப் பதிவேட்டில் பார்க்கலாம்: தமிழ், இந்தி பேசும் வீட்டுப் பிள்ளைகளோடு கொரிய, ஜப்பானிய, பிரெஞ்சுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில். பாடம் ஆங்கிலத்தில். ஆனால் லெசன் பிளானைப் புரட்டினால், வீட்டிலும் ஆங்கிலமே பேசும் பிள்ளைகளுக்கு எழுதியது போல இருக்கும். கடைசிக் கட்டத்தில் மட்டும் ஒரு வரி: 'மொழி உதவி தேவைப்படுவோருக்கு எளிய ஒர்க்‌ஷீட்.'

எளிய ஒர்க்‌ஷீட் என்றால் நடைமுறையில் குறைந்த அறிவியல்தான். படத்துக்குப் பெயர் எழுது, கோடிட்ட இடத்தை நிரப்பு. கொரிய மொழியில் விகிதக் கணக்கைக் கரைத்துக் குடித்த பிள்ளைக்கு இது அவமானம். குறைக்க வேண்டியது பாடத்தை அல்ல. பாடத்துக்குள் மறைந்திருக்கும் மொழியைக் கண்டுபிடித்துக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

ஏழாம் வகுப்பு அடர்த்திப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். கருங்கல் துண்டு ஒன்றின் நிறை 54 கிராம். அளவு உருளையில் 40 மில்லி தண்ணீர். கல்லை நூலில் கட்டி மெதுவாக இறக்கினால் (மேலிருந்து போட்டால் கண்ணாடி விரிசல் விடும்) நீர்மட்டம் 60-க்கு ஏறுகிறது. கன அளவு 20 கன சென்டிமீட்டர், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். இதுவரை மொழியே தேவையில்லை. பக்கத்து மேசையைப் பார்த்தே எந்தப் பிள்ளையும் செய்துவிடும்.

அடுத்த கேள்வியில்தான் வண்டி நிற்கும்: கல் ஏன் மூழ்கியது? எதிர்பார்க்கும் பதில், 'இட் இஸ் டென்சர் தேன் வாட்டர்.' தமிழில் 'தண்ணீரை விட' என்கிறோம். ஒப்பிடும் சொல் தண்ணீருக்குப் பின்னால் வருகிறது. கொரிய மொழியின் 'போதா'வும் ஜப்பானிய 'யோரி'யும் அப்படியே பின்னால்தான் ஒட்டும். ஆங்கிலத்தில் அது முன்னால் நிற்கும். அதனால் சியோல் பிள்ளையும் சேலத்துப் பிள்ளையும் ஒரே இடத்தில் தடுக்கி, தண்ணீர் கல்லை விட அடர்த்தி என்று பொருள்படும்படி எழுதிவிடலாம். 'அடர்த்தி புரியவில்லை' என்று ஆசிரியர் சிவப்பு மையில் எழுதுவார். புரியாதது அடர்த்தி அல்ல.

ஆகவே பிளானில் முதலில் எழுத வேண்டியது பரிசோதனையை அல்ல. வகுப்பு முடியும்போது பிள்ளை சொல்ல வேண்டிய இரண்டு வாக்கியங்களை முழுசாக ஆங்கிலத்தில் எழுதுங்கள். அதிலிருந்து ஏழெட்டுச் சொற்களை மட்டும் பொறுக்குங்கள். மாஸ், டென்சிட்டி போன்ற கலைச்சொற்களை எந்த ஆசிரியரும் மறப்பதில்லை. விட்டுப்போவது 'கம்பேர்', 'எஸ்டிமேட்', 'தேர்ஃபோர்', 'ரெக்கார்ட்' வகையறா. 'ரெக்கார்ட் யுவர் ரிசல்ட்ஸ்' என்றால் அட்டவணையில் எழுதச் சொல்கிறார்களா, டேப்லெட்டில் குரலைப் பதியச் சொல்கிறார்களா? 'வால்யூம்' என்பது டிவி ரிமோட்டில் இருக்கும் பட்டன்தானே? இந்தக் குழப்பங்களை முதல் ஐந்து நிமிடத்திலேயே படம் போட்டுத் தீர்த்துவிடலாம்.

இந்தச் சொற்களைப் பிள்ளையின் தாய்மொழியில் தர மொழிபெயர்ப்புச் செயலியை முழுசாக நம்ப வேண்டாம். அடர்த்திக்குக் கொரியச் சொல் 'மில்தோ', ஜப்பானியச் சொல் 'மிட்சுதோ'. இரண்டும் ஒரே சீன வேரிலிருந்து வந்தவை, பொருளும் சரி. பிரெஞ்சில்தான் பொறி இருக்கிறது. 'தான்சிதே' என்ற சொல் பார்க்க டென்சிட்டி போலவே இருக்கும். ஆனால் பிரெஞ்சு இயற்பியலில் அது தண்ணீரோடு ஒப்பிட்ட விகிதம். அதற்கு அலகு கிடையாது. நமக்கு வேண்டிய அளவை அவர்கள் 'மாஸ் வொல்யுமிக்' என்பார்கள். இது தெரியாவிட்டால், பிள்ளை ஏன் அலகு போடாமல் வெறும் 2.7 என்று எழுதுகிறது என்பது ஆசிரியருக்குப் பிடிபடாது. சொற்பட்டியலை ஒரு பெற்றோரிடமோ தாய்மொழி ஆசிரியரிடமோ ஒருமுறை காட்டி வாங்குங்கள்.

எண்கள் எல்லோருக்கும் பொது என்பதும் பாதி உண்மைதான். இரும்பின் அடர்த்தியைப் புத்தகம் கன மீட்டருக்கு 7,900 கிலோ என்று அச்சிடும். பிரெஞ்சில் காற்புள்ளிதான் தசமப் புள்ளி. அந்தப் பிள்ளை அதை 7.9 கிலோ என்று வாசிக்கும். கன சென்டிமீட்டருக்கு 7.9 கிராம் என்பதும் சரியான மதிப்பாக இருப்பதால், தப்பு வெளியே தெரியாமலே போய்விடும்! கொரிய, ஜப்பானிய எண்ணிக்கை பத்தாயிரத்தை அடுக்காகக் கொண்டது. ஒரு மில்லியன் அவர்களுக்கு 'நூறு பத்தாயிரம்'. நம் பிள்ளைகளுக்குப் பத்து லட்சம். ஒர்க்‌ஷீட்டில் ஆயிரங்களைப் பிரிக்கக் காற்புள்ளிக்குப் பதில் சிறு இடைவெளி விட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

வாக்கியச் சட்டகம், அதாவது பிள்ளை நிரப்பி முடிக்கும் பாதி வாக்கியம், மூன்று படியில் போதும். புதிதாக வந்தவருக்கு ஒப்பீட்டு வாக்கியம் முழுசாக இருக்கும், பொருட்பெயர் மட்டும் நிரப்ப வேண்டும். நடுப்படியில் 'பிகாஸ்' மட்டும் தரப்படும். சரளமானவருக்குச் சட்டகமே இல்லை, பதிலாக கன சென்டிமீட்டருக்கு 0.92 கிராம் அடர்த்தியுள்ள பனிக்கட்டி ஏன் மிதக்கிறது என்று எழுதட்டும். மூன்றாவது பாடவேளையிலும் அதே சட்டகத்தைத் தந்தால் அது ஊன்றுகோலாகிவிடும்.

60 நிமிட வகுப்பில் பரிசோதனைக்கு முன் ஐந்து நிமிடம், எது மூழ்கும் என்ற ஊகத்தை அவரவர் மொழியில் பேச விடுங்கள். ஒரு மொழியில் வாங்கி இன்னொரு மொழியில் வெளியிடும் இந்த முறையை வேல்ஸ் நாட்டுக் கல்வியாளர் கென் வில்லியம்ஸ் 1990-களில் விவரித்தார். வேல்ஷும் ஆங்கிலமும் புழங்கும் பள்ளிகளில் பிறந்தது அது. ஆனால் நன்றாக ஆங்கிலம் பேசும் ஒரு கொரியப் பிள்ளையை ஆண்டு முழுக்க மொழிபெயர்ப்பாளராக்குவது அநியாயம். அதன் பாடம் என்னாவது?

கேள்வி கேட்டபின் மூன்று விநாடியாவது காத்திருங்கள். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோவின் ஆய்வில் ஆசிரியர்கள் காத்திருந்தது சுமார் ஒரு விநாடிதான். நேரத்தைக் கூட்டியதும் பதில்கள் நீண்டன. எதிர்மறைக் கேள்வியும் வேண்டாம். 'புரியலையா?' என்றால் தமிழில் 'ஆமாம், புரியலை' என்று சொல்லலாம். கொரிய, ஜப்பானியப் பிள்ளைகளும் அப்படியே 'யெஸ்' என்பார்கள். புரிந்துவிட்டது என்று ஆசிரியர் நகர்ந்துவிடுவார்.

இடைவேளையில் சரளமாகப் பேசுகிறதே என்று ஆறே மாதத்தில் உதவியை நிறுத்துவது பரவலான தப்பு. பேச்சு மொழிக்குச் சுமார் இரண்டு ஆண்டு, பாட மொழிக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகலாம் என்று கனடாவில் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1980-களின் தொடக்கத்திலேயே காட்டியிருக்கிறார்.

மதிப்பெண்ணில் அறிவியலுக்கும் மொழிக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். ஒப்பீட்டு வாக்கியம் தலைகீழாக வந்தால், இரும்பு, கருங்கல், தண்ணீர், பனிக்கட்டி என்று நான்கு பட அட்டைகளைக் கொடுத்து அடர்த்தி வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். அரை நிமிடம் ஆகும். சரியாக அடுக்கினால் அறிவியல் கட்டத்தில் முழு மதிப்பெண். வாக்கியத்தை நாளைய முதல் ஐந்து நிமிடத்துக்குக் குறித்துக்கொள்ளுங்கள்.