இடது கை மட்டும் ஏன் வெளுத்திருக்கிறது?

போன கார்த்திகையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அதற்காக மெரூன் வெல்வெட்டில் பிளவுஸ் தைத்தேன். முழங்கை வரை கை, முதுகில் முடிச்சு, எல்லாமே போனில் படம் காட்டிச் சொன்னதுதான். வீட்டுக் கண்ணாடியில் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. மண்டபத்தில் வீடியோக்காரர் லைட்டை எங்கள் பக்கம் திருப்பினார் பாருங்கள், பக்கத்தில் இருந்த மதினி கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார், "ஏத்தா, இடது கைக்கு மட்டும் வேற துணியா?"

வேறு துணி இல்லை. சாயமும் போகவில்லை. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரே பிட்டாக வாங்கிய துணிதான், டைலர் ஒரு மீட்டர் கேட்டதற்கு நான் கஞ்சத்தனமாக 80 சென்டிமீட்டர் வாங்கிக் கொடுத்தேன், அவரும் இருக்கிற துணிக்குள் அடக்க ஒரு கையை நேராகவும் இன்னொரு கையைத் தலைகீழாகவும் போட்டு வெட்டிவிட்டார். பருத்தித் துணியில் இப்படி வெட்டினால் யாருக்கும் தெரியாது. வெல்வெட்டில் தெரியும். ஏன் என்று பார்க்க அந்தத் துணி எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து வர வேண்டும்.

வெல்வெட்டை ஒற்றைத் துணியாக நெய்வது குறைவு. தறியில் இரண்டு துணிகள் ஒன்றின்மேல் ஒன்றாக, நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு நெய்யப்படும். தனியாக ஒரு பாவு நூல், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், மேல் துணிக்கும் கீழ்த் துணிக்கும் இடையே ஏறி இறங்கி இரண்டையும் பிணைத்துக்கொண்டே போகும். அப்புறம் நடுவில் ஒரு கத்தி ஓடும். டீக்கடையில் பன் பட்டர் ஜாமுக்கு பன்னைக் குறுக்கே பிளக்கிற மாதிரிதான். பிளந்ததும் இரண்டு வெல்வெட், ஒவ்வொன்றின் முகத்திலும் அறுபட்ட நூல் நுனிகள் புல்வெளி போல நிற்கும். அந்த முடி பெரும்பாலும் செங்குத்தாக நிற்பதில்லை, ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். கையால் தடவிப் பாருங்கள், ஒரு பக்கம் வழவழவென்று போகும், எதிர்ப்பக்கம் பூனையை வாலிலிருந்து தலைக்குத் தடவியது போல முரண்டு பிடிக்கும்.

இப்போது வெளிச்சம். சாதாரணத் துணியில் படும் ஒளியில் கொஞ்சம் உள்ளே போய்ச் சாயத்தைத் தொட்டுவிட்டு நிறமாகத் திரும்பும், கொஞ்சம் மேல்பரப்பிலேயே பட்டு வெள்ளையாகத் தெறித்துவிடும். இந்த வெள்ளைதான் நிறத்தில் தண்ணீர் கலக்கிறது. வெல்வெட்டின் முடி நுனிகள் உங்கள் கண்ணை நோக்கி நின்றால் ஒளி அந்த முடிக்காட்டுக்குள் புகுந்து ஒரு நூலில் பட்டு, அடுத்ததில் பட்டு, அதற்கடுத்ததில் பட்டு என்று அலையும். ஒவ்வொரு முட்டலிலும் சாயம் தன் பங்குக்கு ஒளியை விழுங்கிவிடும். கடைசியில் வெளியே தப்பி வருவது கொஞ்சம்தான், ஆனால் வருவது அத்தனையும் நல்ல அடர் மெரூன். அதே முடி படுத்து நூலின் பக்கவாட்டைக் காட்டினால் ஒவ்வொரு நூலும் பளபளப்பான சின்னக் குழாய் மாதிரி, வெள்ளையை அப்படியே திருப்பி அனுப்பும். அங்கே நிறம் வெளுக்கும். என் வலது கையில் முடி மேல்நோக்கி, பார்ப்பவர் கண்ணுக்கு நுனியைக் காட்டி. இடது கையில் கீழ்நோக்கி, பக்கவாட்டைக் காட்டி. அவ்வளவுதான் விஷயம். பழைய தையல்காரர்கள் முடி மேல்நோக்கி வருமாறு வெட்டினால் நிறம் ஆழமாகத் தெரியும் என்று சொல்வதும் இதனால்தான்.

இந்த வித்தையின் எல்லை எது என்று கேட்டால், 2014-இல் இங்கிலாந்தில் அறிவித்த வான்டாபிளாக்கைச் சொல்லலாம். கார்பன் நானோ குழாய்களைக் காடு போல நிற்க வைத்த பூச்சு அது, தன்மேல் படும் ஒளியில் 99.965 சதவீதத்தை விழுங்கிவிடும். அவ்வளவு தூரம் போவானேன், தெற்கு ஆவணி மூல வீதியில் எந்த நகைக்கடையில் வேண்டுமானாலும் பெட்டியைத் திறந்து பாருங்கள். அடியில் விரித்த அடர்நிற வெல்வெட் சுற்றியுள்ள வெளிச்சத்தைக் குடித்துவிடுவதால்தான் அரைப் பவுன் கம்மல்கூட அப்படி மின்னுகிறது. வீட்டுக்கு வந்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும், அது கம்மலின் தப்பு இல்லை.

சரி, இந்தத் துணி ஏன் மேற்கத்திய டிசைனர்களின் குளிர்காலத் தொகுப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது? நமக்கு வெயில் ஏற ஆரம்பிக்கும் மாசியில்தான் நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் மேடைகளில் அடுத்த குளிர்காலத்து உடைகள் நடந்து வரும். 1995 மார்ச்சில் மிலானில் டிசைனர் டாம் ஃபோர்டு, கூச்சி (Gucci) என்ற இத்தாலிய நிறுவனத்துக்காக இடுப்புக்குக் கீழே நிற்கும் வெல்வெட் பேண்ட்டையும் சாட்டின் சட்டையையும் சேர்த்து இறக்கி ஒரே இரவில் பேர் வாங்கினார். கதகதப்பு ஒரு காரணம், முடிகளுக்கு நடுவே சிக்கிய காற்று அசையாது, அசையாத காற்று வெப்பத்தை லேசில் கடத்தாது. என் கணக்கில் பெரிய காரணம் வெளிச்சம்தான். டிசம்பரில் பாரிஸில் மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும். அப்புறம் எல்லாமே விளக்கு வெளிச்சம், அதுவும் பக்கவாட்டிலிருந்து. அந்த வெளிச்சத்தில் வெல்வெட்டின் ஒவ்வொரு மடிப்பிலும் விளிம்பு பளிச்சென்று, நடுப்பகுதி ஆழமாக, உடலின் வளைவு முழுக்கக் கோடு போட்டது போலத் தெரியும். மற்ற துணியில் நேர்மாறாக, நம்மைப் பார்க்கும் பகுதி வெளிச்சமாகவும் ஓரம் மங்கலாகவும் இருக்கும். 2024 குளிர்காலத்தில் அங்கே எங்கு பார்த்தாலும் பர்கண்டி, அதாவது நம் மெரூனுக்கு ஒயின் ஊற்றிய நிறம். அந்த நிறத்துக்கு வெல்வெட்டைவிடப் பொருத்தமான துணி இல்லை. மதுரையில் பகல் பன்னிரண்டு மணி வெயிலில் அதே துணி இவ்வளவு எடுப்பாக இருக்காது. சந்தேகம் இருந்தால் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சை மேலிருந்து ஒரு தடவை, பக்கத்திலிருந்து ஒரு தடவை அடித்துப் பாருங்கள்.

கதகதப்பு நம் ஊருக்கு வரம் இல்லை என்பதைச் சொல்லவே வேண்டாம். நம் கடைகளில் கிடைக்கும் வெல்வெட் பெரும்பாலும் பாலியஸ்டர். பருத்தி தன் எடையில் எட்டு சதவீதம் வரை ஈரத்தைப் பிடித்து வைக்கும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது, வேர்வை தோலிலேயே நிற்கும். லைனிங்கையாவது பருத்தியில் போடச் சொல்லுங்கள். இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்தால் தீர்ந்தது கதை, சூட்டில் பாலியஸ்டர் இளகி முடி படுத்த நிலையிலேயே இறுகிவிடும், பெட்டியின் முகம் அச்சாகப் பதியும். உள்பக்கத்தைத் திருப்பி, கீழே தேங்காய்ப்பூத் துண்டு ஒன்றை விரித்து, ஆவி மட்டும் காட்ட வேண்டும்.

கல்யாணம் முடிந்து பிளவுஸை எடுத்துக்கொண்டு டைலரிடம் போனேன். அவர் அசரவே இல்லை. "இடது கைதானக்கா, முந்தானை மறைச்சிரும்னு நினைச்சேன்" என்றார். அதையும் யோசித்துத்தான் வெட்டியிருக்கிறார் மனுஷன்! வீடியோக்காரர் இடது பக்கம் நிற்பார் என்று அவருக்கு எப்படித் தெரியும். இந்தத் தை மாதத்துக்கு பாட்டில் கிரீனில் ஒன்றேகால் மீட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். என் கண்முன்னாலேயே துணியைப் புரட்டிப் போட்டு, உள்பக்கம் சாக்பீஸால் மேல்நோக்கி மூன்று அம்பு போட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் கத்திரியை எடுத்தார்.