பின்பாரம்: டிரெய்லர் வாலில் ஒரு ஸ்கூட்டர்

எங்கள் வடசென்னைப் பக்கத்தில் டிரெய்லர் என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. மணலியிலிருந்து எண்ணூர் வரைக்கும், மாதவரம் ரவுண்டானாவைச் சுற்றியும், நாற்பதடி கண்டெய்னரைச் சுமந்துகொண்டு ராத்திரி பகலாக நிற்கிற வண்டிகள்தான். மூலக்கடையில் என் பட்டறைக்கு வரும் வேலையில் முக்கால்வாசி அவற்றினுடையது: விரிசல் விட்ட சேஸ், ஸ்பிரிங் பட்டையைச் சேஸோடு பிடிக்கும் ஹேங்கர் தேய்ந்தது, இடிபட்ட பம்பர். போன மாதம் வந்த டிரெய்லர் வேறு வகை. அது வந்ததும் வாட்ஸ்அப்பில்.

என் தங்கச்சி மகன் டெக்சாஸில் இருக்கிறான். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு டிரெய்லர் ஒன்றைப் பழசாக வாங்கியிருக்கிறான். பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி, லீவு நாளில் குடும்பத்தோடு ஊர் ஊராகப் போவார்களாம். போய் நிறுத்திய இடத்தில் பால் வாங்கக்கூட அந்தப் பெரிய பிக்கப்பைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது என்பது அவன் குறை.

"மாமா, பின்னாடி பம்பர்ல ஒரு ரேக் வெச்சு ஸ்கூட்டரை ஏத்திக்கலாம்னு இருக்கேன். எத்தனை எம்.எம். பைப் போடணும்னு சொல்லு."

"பைப்பை விடுடா. அச்சுலேர்ந்து பம்பர் எத்தனை அடி?"

எதற்குக் கேட்கிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை. எனக்கும் ஒரு காலத்தில் புரியாமல்தான் இருந்தது.

பத்து வருஷம் இருக்கும். கொடுங்கையூர்ப் பக்கம் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிற ஒருவர் பட்டறைக்கு வந்தார். டீ, டிபன் போடுவதற்கு ஒற்றை அச்சு டிரெய்லர் ஒன்று வைத்திருந்தார். அதை வேலை நடக்கும் இடத்தில் நிறுத்திவிட்டால் இழுத்து வந்த வண்டி வேறு சவாரிக்குப் போய்விடும். சாமான் வாங்க, அவசரத்துக்கு ஓட, ஒரு ஆக்டிவா கூடவே வர வேண்டும்; டிரெய்லரின் பின்னால் அதற்கு ஒரு தாங்கி வேண்டும் என்றார். செய்தேன். 75 எம்.எம். சேனல், இரண்டு அங்குல ஸ்கொயர் பைப், மூலைக்கு மூலை முக்கோணத் தகடு, எல்லாம் 7018 ராடில் வெல்டிங். யானை ஏறி நின்றாலும் அசையாது என்று பெருமையாகச் சொல்லியே அனுப்பினேன்.

அவர் கும்மிடிப்பூண்டிக்குப் போனார். செங்குன்றம் தாண்டியதும் ஒரு கண்டெய்னர் லாரி இவரை ஒட்டிக் கடந்திருக்கிறது. அந்தக் காற்றில் டிரெய்லரின் பின்பக்கம் ஆட ஆரம்பித்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியிருக்கிறது. டிரைவர் அனுபவசாலி. பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தே வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டிவிட்டார். விபத்து அங்கே நடக்கவில்லை. என்ன ஆச்சு என்று பார்ப்பதற்காகக் கான்ட்ராக்டர் குனிந்து, டிரெய்லரை இழுக்கிற வண்டியோடு மாட்டும் கப்ளிங்கைக் கழற்றினாரே, அப்போதுதான் நடந்தது. டிரெய்லரின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஏர்க்கால் சட்டென்று மேலே எழும்பி அவர் தாடையில் அடித்தது. டிரெய்லர் குடைசாய்ந்து, ஸ்கூட்டரோடு பின்பக்கம் தரையில் இடித்தது. தாடையில் நாலு தையல்.

மறுநாள் அந்தத் தாங்கியைக் கழற்றிக் கொண்டுவந்து போட்டார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் வெல்டிங்கில் ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

என் தாத்தா கொத்தவால் சாவடிக்கு மாட்டு வண்டியில் மூட்டை அடித்தவர். மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போன 1996-க்கு ரொம்ப முன்னாலேயே வண்டியை விட்டுவிட்டார். ஆனாலும் சாகிற வரைக்கும் அவர் வாயில் இரண்டு வார்த்தை இருந்தது: முன்பாரம், பின்பாரம். மூட்டை முன்னால் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தில் அழுத்தும். பின்னால் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை நெரிக்கும். அதனால் எப்போதும் ஒரு இழை முன்பாரமாகவே ஏற்றுவார்கள். காசிமேட்டில் மீன்பாடி வண்டிக்காரர்களைப் பாருங்கள். பெட்டிகளை நுனியில் அடுக்க மாட்டார்கள். அடுக்கினால் பின்னால் சீட்டில் இருப்பவர் அந்தரத்தில் நிற்பார். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தும், கையில் வெல்டிங் ஹோல்டர் வந்ததும் எனக்கு மறந்துபோச்சு.

கணக்கு சின்னதுதான். அந்த டீக்கடை டிரெய்லர் மொத்தம் சுமார் 700 கிலோ. கப்ளிங்கில் உட்காரும் எடை சுமார் 70 கிலோ. அச்சிலிருந்து கப்ளிங் 2.4 மீட்டர் முன்னால், ஸ்கூட்டர் 1.8 மீட்டர் பின்னால். ஆக்டிவா சுமார் 106 கிலோ, என் தாங்கி 28 கிலோ, ஆக 134. அதை 1.8 ஆல் பெருக்கி 2.4 ஆல் வகுத்தால் 100 கிலோ வருகிறது. பின்னால் தொங்கிய பாரம் முன்மூக்கை அந்த 100 கிலோ விசையோடு மேலே தூக்குகிறது. அங்கே இருந்ததோ 70 கிலோதான். மீதி 30 கிலோவுக்கு அந்த ஏர்க்கால் கப்ளிங்கைப் பிடித்துக்கொண்டு மேலே திமிறிக்கொண்டே போயிருக்கிறது. வழியில் பின்பக்கம் ஆடியதும், கழற்றியதும் ஏர்க்கால் எழும்பியதும் இந்தப் பின்பாரத்தால்தான். பட்டறையில் ஸ்கூட்டரை ஏற்றிப் பார்த்தபோது டிரெய்லர் வண்டியோடு மாட்டியே இருந்ததால் எங்கள் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

தங்கச்சி மகனிடம் அளவு வாங்கி அதே கணக்கைப் போட்டோம். டிரெய்லர் 2,000 கிலோ. அந்த வகை வீட்டு டிரெய்லருக்கு மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கப்ளிங்கில் இருக்க வேண்டும் என்பது அங்கே பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அவனுடையது 240 கிலோ, அதாவது 12 சதவீதம். நல்ல நிலைமை. அச்சிலிருந்து கப்ளிங் 4.5 மீட்டர், ரேக் வரப்போகிற இடம் 3 மீட்டர் பின்னால். ஸ்கூட்டரும் ரேக்குமாக 136 கிலோ ஏறினால் கப்ளிங்கில் 91 கிலோ குறைந்து 149 ஆகிவிடும். 7 சதவீதம். பின்னால் ஏறிய 136, முன்னால் குறைந்த 91, இரண்டும் சேர்ந்து அச்சின் தலையில் விழும்: 227 கிலோ. ஏற்றியது ஒரு ஸ்கூட்டர். டயரும் ஸ்பிரிங் பட்டையும் சுமப்பது இரண்டு ஸ்கூட்டருக்கும் மேல்.

"அப்போ முன்னாடி ரூம்ல நூறு கிலோ சாமான் வெச்சா சரியாயிடுமா மாமா?"

கப்ளிங் எடை ஓரளவு திரும்ப வரும். அச்சின் பாரமோ இன்னும் ஏறும். அப்புறம், இரண்டு கோடியிலும் பாரம் இருக்கிற வண்டி ஆட ஆரம்பித்தால் லேசில் நிற்காது. தண்ணிக்குடத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு திரும்புவதும், கை நீட்டித் தூக்கிக்கொண்டு திரும்புவதும் ஒன்றா?

அடுத்தது பம்பர். அவன் கேமராவைத் திருப்பிக் காட்டியதும் சிரித்துவிட்டேன். நாலு அங்குலச் சதுரக் குழாய், மெல்லிய தகடு, உள்ளே சுருட்டி வைத்திருப்பது கழிவுநீர்க் குழாய். அந்த வண்டிகளில் பெரும்பாலும் பம்பர் என்பது இதுதான். ஸ்டெப்னி ஒன்றைத் தாங்கினால் பெரிய விஷயம். அதில் ஸ்கூட்டரை மாட்டினால் பள்ளத்துக்குப் பள்ளம் முறுக்கும். நிற்கும்போது 136 கிலோவாக இருப்பது வேகத்தடையில் குதித்து இறங்கும்போது அதைப் போல இரண்டு மூன்று மடங்காக இழுக்கும். சரி, பம்பரை விட்டுவிட்டு நேராகச் சேஸில் பிடித்தால்? அப்போதும் சேஸ் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வெறும் கைதான். நான் பார்த்த விரிசல்களில் பெரும்பாலானவை ரேக் பிடித்த இடத்தில் இல்லை. நாலடி தள்ளி, பின் ஸ்பிரிங் ஹேங்கர் பக்கத்தில். அதனால் அங்கே யாரும் குனிந்து பார்ப்பதும் இல்லை.

எங்கள் ஊரில் இதோடு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். திருவொற்றியூர், எண்ணூரில் நிற்கும் வண்டியின் ஸ்கொயர் பைப்பை மூடி வைத்து அடைக்காமல் விட்டால் உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். சுத்தியலால் தட்டினால் சத்தத்தில் தெரியும். சேஸின் மேல் பட்டை, கீழ்ப் பட்டையில் குறுக்காக வெல்டிங் வைப்பதும் துளை போடுவதும் எனக்கு ஒப்பாத வேலை. பக்கவாட்டில் தகடு வைத்து போல்ட்டில் பிடிக்கச் சொல்வேன்.

அவனுக்கு நான் சொன்ன வழி, ஸ்கூட்டரைப் பிக்கப்பின் தொட்டியிலேயே ஏற்று என்பது. சாய்வுப் பலகை ஒன்று போதும். பிக்கப் எவ்வளவு தாங்கும் என்று கதவோரத்தில் ஒட்டியிருக்கும். கப்ளிங் எடை, ஸ்கூட்டர், உள்ளே உட்காரும் ஆட்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்கியது. பின்னால் கராஜ் போல அறை வைத்து, அச்சைத் தள்ளிப் போட்டே தயாரித்த டிரெய்லர்களும் அங்கே விற்கின்றன. அந்தக் காசுக்கு ஸ்கூட்டர் வேண்டாம் என்றாள் அவன் மனைவி.

இங்கே ஸ்கூட்டரோடு யாராவது டிரெய்லர் இழுப்பதாக இருந்தால், கிளம்பும் முன் கப்ளிங் எடையைப் பார்த்துவிடுங்கள். மணலி, மாதவரத்தில் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் லாரிக்கான மேடை பெரும்பாலும் பத்து பத்துக் கிலோவாகத் தாண்டும். சின்ன டிரெய்லருக்கு அது போதாது. அச்சு பாரத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். கப்ளிங் எடைக்கு, ஆள் ஏறி நிற்கிற எடை மெஷினைப் பலகை மேல் வைத்து, ஏர்க்காலை அதன் மேல் இறக்கினாலே தெரிந்துவிடும். அதன் அளவைத் தாண்டும் டிரெய்லருக்கு இது உதவாது.

கட்டுவதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சென்டர் ஸ்டாண்டை நம்பாதீர்கள். சக்கரம் இரண்டும் சேனலுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும், முன்சக்கரத்துக்கு முட்டு வேண்டும். கயிறு வேண்டாம், நாலு மூலைக்கும் நெம்பி இறுக்குகிற ராட்செட் பெல்ட். முன் சஸ்பென்ஷன் பாதி அமுங்கினால் போதும். முழுக்க அமுக்கினால் முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கின் சீல் போய் ஆயில் கசியும். இருபது கிலோமீட்டர் போனதும் நிறுத்தி இன்னொரு முறை இறுக்குங்கள். பின்விளக்கும் நம்பர் பிளேட்டும் ஸ்கூட்டரால் மறைந்தால் அவற்றை வெளியே எடுத்து மாட்ட வேண்டும். பாடியைத் தாண்டி அனுமதி இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் சுமைக்கு, 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், இறக்கிவைக்கும் கூலி தனி. இதைச் சொன்னால்தான் பட்டறையில் பாதிப் பேர் காது கொடுக்கிறார்கள்.

போய்ச் சேர்ந்ததும் முதலில் டிரெய்லர் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை போடுங்கள். அடுத்து ஸ்கூட்டரை இறக்குங்கள். அதற்கப்புறம்தான் கப்ளிங்கில் கை வைக்க வேண்டும், அப்போதும் ஏர்க்காலுக்கு நேர் மேலே முகத்தை நீட்டாமல், பக்கவாட்டில் நின்று.