தண்ணீரில் நின்றே வாடும் உளுந்து

சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு தெளித்த உளுந்து நன்றாக முளைத்து வந்தது. மழை பெய்து இரண்டு நாள் தண்ணீர் கட்டியதும் துவண்டுவிட்டது. காலடியில் தண்ணீர் கிடக்கும்போது பயிர் ஏன் வாட வேண்டும் என்று திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டிருக்கிறார். 2023 பிப்ரவரி தொடக்கத்தில் பருவம் தவறிப் பெய்த மழையின்போதும் டெல்டாவில் பல வயல்களில் இதே காட்சிதான்.

"வேர் அழுகிவிட்டது" என்பது வழக்கமான பதில். அழுகுவதற்குச் சில நாள் ஆகும், வாட்டம் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. காரணம் வேர் செல்லின் சவ்வில் இருக்கிறது.

பள்ளியில் படித்த படம்தான்: தலை நீரை விரும்பும், வால் நீரை வெறுக்கும் பாஸ்போலிப்பிடு மூலக்கூறுகள், வால்கள் உள்ளே பார்த்தபடி இரண்டு அடுக்கு. தடிமன் சுமார் 5 நானோமீட்டர். இருபதாயிரம் சவ்வுகளை அடுக்கினால் ஒரு காகிதத்தின் தடிமன் வரும். இந்தக் கொழுப்புப் படலத்தைத் தாண்டித் தண்ணீர் மெதுவாகக் கசியும், அவ்வளவே. ஒரு பயிரின் தேவைக்கு அந்தக் கசிவு போதாது. எனவே சவ்வுக்குள் அக்வாபோரின் என்ற புரதக் குழாய்கள் பொதிந்திருக்கின்றன.

இந்தக் குழாயைக் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் அக்ரே இதைத் தேடிப் போகவில்லை. ரத்தச் சிவப்பணுவில் ரத்த வகையோடு தொடர்புடைய ஆர்எச் புரதத்தை ஆராய்ந்தபோது வேறொரு புரதம் தொடர்ந்து கூடவே வந்தது. 1992இல் அந்தப் புரதத்தைச் செய்யும் குறிப்பான ஆர்என்ஏவைத் தவளை முட்டைக்குள் செலுத்தி, நீர்த்த கரைசலில் போட்டார்கள். முட்டை சில நிமிடங்களில் உப்பி வெடித்தது. ஆர்என்ஏ செலுத்தாத முட்டை அப்படியே கிடந்தது. 2003இல் நோபல் பரிசு. "இதனால் என்ன பயன்" என்று முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லும் இன்றைய நிதி விண்ணப்பத்தில் இது தேறியிருக்குமா என்பது சந்தேகமே.

குழாயின் குறுகலான இடம் சுமார் 0.3 நானோமீட்டர். நீர் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும், ஆனாலும் ஒரு குழாயில் நொடிக்குச் சுமார் 300 கோடி கடந்துவிடும். நடுவழியில் உள்ள மின்புலம் ஒவ்வொரு மூலக்கூறையும் புரட்டி விடுகிறது, ஹைட்ரஜன் அயனி வந்தால் தள்ளிவிடுகிறது. அயனி ஒழுகினால் செல்லின் மின்னேற்றமே போய்விடும்.

தன் வழியே புகவிடாத அந்த ஹைட்ரஜன் அயனிதான் இந்தக் குழாயை மூடும் சாவியும்!

காற்றைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. தண்ணீர் கட்டிய மண்ணில் மிச்சமிருப்பதை வேரும் நுண்ணுயிர்களும் சீக்கிரமே தீர்த்துவிடும். செல்லின் எரிபொருளான ஏடிபியின் உற்பத்தி சரியும். ஏடிபியை எரித்து ஹைட்ரஜன் அயனியை வெளியேற்றும் சவ்வுப் பம்பு தளரும். அயனி உள்ளே தேங்கி, செல்லின் உட்பகுதி அமிலமாகும். குழாயின் உள்வாயருகே ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஒன்று உண்டு. அயனி அதில் ஒட்டியதும் பக்கத்துப் புரத வளையம் மடங்கி, மதகில் பலகை இறங்கியதுபோல் வாயை அடைக்கிறது. காலடியில் தண்ணீர் இருந்தும் வேர் அதை எடுக்க முடியாமல் பயிர் வாடுகிறது. கடுகுக் குடும்பத்துக் களைச்செடியான அராபிடாப்சிஸில் 2003இல் இதைக் கண்டார்கள். பாலக்கீரைப் புரதத்தில் திறந்த நிலை, மூடிய நிலை இரண்டின் வடிவமும் 2006இல் வெளியானது. வயலில் திருஷ்டி பொம்மை நட்டு இந்தப் பலகையைத் தூக்க முடியாது.

நெல்லுக்கும் இதே மதகு உண்டு. ஆனால் அதன் வேரில் ஏரன்கைமா என்ற காற்றறைகள் இருப்பதால் இலையிலிருந்து ஆக்சிஜன் இறங்கி வருகிறது. உளுந்துக்கு அந்த வசதி மிகக் குறைவு.

அதனால் முதல் வேலை வடிகால் வெட்டுவது, அதுவும் அன்றைக்கே. ஓரிரு நாளில் தண்ணீர் வடிந்து காற்று புகுந்தால் பம்பு மீளும், குழாய் திறக்கும். அதற்கு மேல் போனால் வேர் நுனி செத்துவிடும். தண்ணீர் நிற்கும் வயலில் யூரியா வீசுவது வீண், வேர் எடுக்காது. இலைவழி கொடுங்கள்: 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் டிஏபி உரம், 100 கிராம் பொட்டாஷ் உரம். டிஏபியை முதல் நாள் இரவே ஊறவைத்து, தெளிந்ததை மட்டும் வடிகட்டி, மாலையில் தெளிக்க வேண்டும். வேகமாகத் தேறட்டும் என்று 200ஐ 400 ஆக்காதீர்கள். வெளியே உப்புச் செறிவு கூடினால் சவ்வு செல்சுவரை விட்டுச் சுருங்கும், இலையில் திறந்திருக்கும் இதே குழாய்கள் வழியாகத் தண்ணீர் வெளியேறி இலை கருகிவிடும்.