அப்பா வழி அத்தையையும் சொல்லுங்கள்

பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரைப் பக்கமிருந்து மார்பகப் புற்றுநோய்க்காக மதுரைக்கு வரும் பெண்களிடம் உட்கார்ந்து குடும்ப வரைபடம் போடுவது என் வேலை. மரபணு ஆலோசகர் என்று பெயர். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். புற்றுநோய் வந்தவர் என்றால் உள்ளே கறுப்படிப்பேன், இறந்தவர் என்றால் குறுக்கே ஒரு கோடு. அம்மா, பெரியம்மா, சித்தி என்று மடமடவென்று சொல்லிவிடுவார்கள். அப்பா வழிக்கு வந்தால், "அது எதுக்குங்க, பொம்பளை நோய்தானே" என்பார்கள்.

ஒரு மீனவக் குடும்பத்துப் பெண், வயது முப்பத்தைந்துக்குள். "எங்க குடும்பத்துல யாருக்குமே இல்லை" என்றார். கூட வந்த அம்மா கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "ஒங்க பெரியத்தைக்கு மார்லதானே கட்டி வந்துச்சு" என்றார். சின்ன அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம், வெளியே வயிற்றுக்கட்டி என்றே சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் அந்தச் சின்ன அத்தைக்கும் சினைப்பையில் புற்றுநோய். தாளில் இரண்டு கறுப்பு வட்டங்கள். அவற்றுக்கு நடுவே அப்பாவின் வெற்றுச் சதுரம். அவர் நலமாகக் கடலுக்குப் போய்வருகிறார். அத்தைகளின் இந்த இரண்டு புற்றுக்கும் ஒரே பழுதான மரபணு காரணமாக இருக்கலாம். அது மகளுக்கும் வந்திருந்தால், அப்பா வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். பழுதைச் சுமக்கும் ஓர் ஆண், அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க இருக்கும் வாய்ப்பு, பெண்ணுக்கு இருப்பதைப் போலவே பாதிக்குப் பாதி.

இதே மாதிரி வரைபடங்களை வைத்துத்தான் அமெரிக்க விஞ்ஞானி மேரி கிளேர் கிங் தேடினார். தொடங்கியது 1974-ல். மார்பகப் புற்றுக்கு ஒரே ஒரு மரபணுவைத் தேடுவது வீண்வேலை என்று பலரும் நினைத்த காலம். அவர் கையில் 23 குடும்பங்கள், அவற்றில் 146 மார்பகப் புற்றுநோயாளிகள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் துலங்கவில்லை. நோய் வந்த வயதை வைத்துக் குடும்பங்களை வரிசைப்படுத்தினார். இளவயதிலேயே நோய் கண்ட குடும்பங்களில் தடயம் 17-வது குரோமோசோமில் ஒரே இடத்தைக் காட்டியது. 1990-ல் அதை அறிவித்தார். பிஆர்சிஏ1 என்ற அந்த மரபணுவை வேறொரு குழு 1994-ல் பிரித்தெடுத்தது.

அதனால்தான் வயதை விடாமல் கேட்கிறேன். வருடம் யாருக்கும் நினைவிருக்காது. "தனுஷ்கோடி புயலப்ப அவ கைக்குழந்தை" என்பார்கள். சரி, புயல் 1964 டிசம்பர். மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம்தான் கட்டி தெரிந்தது என்றால், கணக்கு வந்துவிடும். நாற்பதில் வந்ததா, எழுபதில் வந்ததா என்பதில் நிறைய இருக்கிறது.

சொந்தத்தில் கட்டியதால்தான் வந்ததா என்று கேட்காதவர்கள் குறைவு. மரபணுவின் பழுதான ஒரு பிரதி, அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வந்தால் போதும், அபாயம் கூடிவிடும். சொந்தக் கல்யாணம் இதற்குத் தேவையே இல்லை. மருமகள் மேல் பழி போடும் மாமியார்களுக்கு இதை இரண்டு தடவை சொல்வேன்! ஆனால் கணவன் மனைவி இருவருமே பிஆர்சிஏ2 என்ற, இதே போன்ற இன்னொரு மரபணுவின் பழுதைச் சுமந்தால், இரண்டையும் வாங்கிப் பிறக்கும் குழந்தைக்கு ஃபான்கோனி என்ற கடுமையான இரத்தசோகை வரலாம். மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் வழக்கமான குடும்பங்களில் அதையும் பார்க்கிறோம்.

எல்லாரும் பரிசோதனைக்கு ஓட வேண்டாம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் பரம்பரைக் காரணம். பழுது இருந்தாலும் நோய் கட்டாயம் வரும் என்பதில்லை. பழுது உள்ள பெண்களுக்கு இளவயதிலிருந்தே ஆண்டுதோறும் எம்ஆர்ஐ பார்த்து, வந்தால் சிறிதாக இருக்கும்போதே பிடிக்கலாம்.

பரிசோதனை என்று முடிவானால், முதலில் இரத்தம் கொடுக்க வேண்டியவர் நோய் வந்தவர். "எனக்கு வந்தாச்சு, சின்னவளுக்குப் பாருங்க" என்றுதான் பலரும் தள்ளிவிடுகிறார்கள். அவரிடம் பழுது எந்த இடத்தில் என்று தெரிந்தால், தங்கைக்கும் மகளுக்கும் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறையும். அது தெரியாமல் சின்னவளுக்கு மட்டும் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று வந்தால், அந்த முடிவை நம்பி நிம்மதியாக இருங்கள் என்று என்னால் சொல்ல முடியாது.